அடிபம்பின் எளிமை

ஒரு சாதனம் நன்கு அமைந்ததா என்பதைக் கடையில் பார்த்து அறிய இயலாது. நூறு கைகள் அதைப் பிடித்து உழைத்த பிறகே அறிய இயலும். நமது கிராமங்களில் மூன்று கால்களில் நிற்கும் 'இந்தியா மார்க் 2' அடிபம்பை எடுத்துக்கொள்வோம்.

இதற்கு முன் இருந்தவை வார்ப்பிரும்புப் பம்புகள். மேனாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் நாளுக்குச் சில தடவை அடிப்பதற்கென ஏற்பட்ட உருவத்தைப் பார்த்துச் செய்தவை. ஊரே விடியற்காலை முதல் அடித்தால் அவை தாங்குமா? முளைகள் தேய்ந்தன, வார்ப்பு உடைந்தது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் இதற்குப் பரிகாரம் தோன்றியது. அதை அடிப்படையாகக் கொண்டு, 1970களில் மத்திய அரசாங்கமும் யுனிசெப் ஸ்தாபனமும் சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையும் பிறரும் கூடி இப்பம்பை உருவாக்கினர். கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் சோதித்த பின்னரே அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. தனியார் காப்புரிமை ஏதும் இல்லாமையால், ஆப்பிரிக்க நாடுகள் வரை பரவியது.

பம்பின் தலைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கைப்பிடியின் முன்நுனி வில்போல் வளைந்திருக்கும். அதன்மேல் ஒரு சங்கிலி. சங்கிலியின் முனையில் கிணற்றுக்குள் இறங்கும் கம்பி. கைப்பிடி வட்டமாகச் சென்றாலும் கம்பி நேராகவே ஏறி இறங்கும்; பக்கவாட்டில் உரசாது. கைப்பிடி கனத்த இரும்பாக இருப்பதும் வீண் அன்று. உள்ளே தொங்கும் கம்பியின் பாரத்திற்கு அதுவே எதிர்ப்பாரம். ஏற்றத்தின் துலாவைக் கண்ட விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வேண்டாத உறுப்பு ஒன்றேனும் இதில் எமக்குத் தென்படவில்லை.

குறை ஒன்று உண்டு. அடியிலுள்ள வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்கவேண்டும். பின்னர் வந்த மார்க் 3-இல் குழாயின் விட்டத்தை 65 மில்லிமீட்டராக்கினர். கம்பியுடன் பிஸ்டனை மட்டும் வெளியே எடுத்துவிடலாம்.

மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தபின் அடிபம்பு எதற்கு என்று சில பஞ்சாயத்துக் கூட்டங்களில் பேச்சு எழுகிறது. புயலுக்குப் பின் மின்சாரம் வராத நாட்களில் தாய்மார்கள் குடத்துடன் எங்கே நிற்பார்கள் என்பதை அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டும். சங்கிலிக்கு கிரீஸ் இடுவதும், தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவதும் பெருஞ்செலவல்ல. பம்பின் நிலையை அறிய ஒரு வாளி போதும். தண்ணீர் சீராக வரத் தொடங்கியதும் முழு வீச்சில் 40 முறை அடியுங்கள்; சுமார் 15 லிட்டர் சேரவேண்டும். பிறகு அரை மணி நேரம் விட்டு மறுபடியும் அடியுங்கள். ஐந்தாறு அடிக்குள் தண்ணீர் வராவிடில், வாஷரையோ வால்வையோ குழாய் இணைப்பையோ பார்க்க மெக்கானிக்கை அழைக்கலாம்.