நூலக அறிவிப்புப் பலகையைப் படிப்போம்

நம் நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றின் வாயிலில் மாதந்தோறும் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகின்றது. நடைபெறவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் அது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், வண்ணந் தீட்டும் போட்டி, நூற்கண்காட்சி, கைவினைப் பயிற்சி, கணினி வகுப்பு, நடமாடும் நூலகம் வந்து நிற்கும் நாட்கள் எனப் பலவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பட்டணத்தில் குடியிருப்போர் அதனைப் படித்துத் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அஞ்சலகத்திற்கும் வந்து போகும் தோட்டத் தொழிலாளருள் பலரோ அதே வாயிலைக் கடந்து செல்கின்றனர், உள்ளே நுழைவதில்லை. "அது படித்தவர்களுக்கு உரிய இடம்" என்னும் எண்ணமே அவர்களைத் தடுக்கின்றது.

இவ்வெண்ணம் தவறானது என்பது மட்டுமன்று. நமக்கு இழப்பையும் தருவது. நாம் செல்லாத நூலகத்தில் நமக்கான நிகழ்ச்சி நடைபெறாது. நாம் எடுத்துப் படிக்காத தமிழ் நூலுக்கு அடுக்கில் நெடுநாள் இடமிராது. ஆகவே, அவ்வறிவிப்பைப் படித்தறிவது எவ்வாறு, படித்த பின் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நூலகம் யாருக்கு உரியது?

பினாங்கில் 1817ஆம் ஆண்டிலேயே நூலகம் ஒன்று தோன்றிவிட்டது. சிங்கப்பூரில் இருந்த இராபிள்ஸ் நூலகமும் பழமை வாய்ந்ததே. ஆயினும், அந்நூலகத்தில் சந்தா செலுத்தியோர்க்கே நூல்கள் இரவலாகக் கிடைத்தன. நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கில நூல்களாகவே இருந்தன. உழைத்துப் பிழைக்கும் எளிய மக்களுக்கு அதன் கதவு எளிதில் திறக்கவில்லை.

அந்நிலை மாறியதில் ரப்பருக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். ரப்பர் வாணிகத்தில் பெரும் பொருளீட்டிய லீ கோங் சியான் என்பவர், 1953ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பொது நூலகம் அமைக்க 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். அந்நூலகம் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். ஆங்கிலம் மட்டுமன்றி இம்மண்ணில் வாழும் மக்களின் ஆசிய மொழி நூல்களும் அங்கே இடம் பெறுதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். 1960ஆம் ஆண்டில் ஸ்டாம்போர்ட் சாலையில் அந்நூலகம் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. 2004ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால், ஒரு பொது நூலகத்தில் அனைத்து மொழியினர்க்கும் இடம் வேண்டும் என்ற கொள்கை நிலைத்துவிட்டது. பால்மரத்தில் வடிந்த செல்வத்தின் ஒரு துளி இவ்வாறு நூலாக மாறியது.

மலேசியாவில் தேசிய நூலகச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கோலாலம்பூர், துன் ரசாக் சாலையில் மலாய்த் தலைப்பாகையின் வடிவில் எழுந்து நிற்கும் தேசிய நூலகக் கட்டடம் 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். தமிழ் நூல்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. இதுவன்றி, மாநிலங்களில் பொது நூலகங்களும், மாவட்டப் பட்டணங்களில் அவற்றின் கிளைகளும், சிற்றூர்களில் கிராம நூலகங்களும் இயங்குகின்றன. பொதுமக்கள் செலுத்தும் வரிப்பணத்தால் நடைபெறுவன இவை. கடையில் நாம் வாங்கும் பொருளிலும் வரி அடங்கியிருத்தலால், நூலகத்திற்கு நாமும் பொருள் கொடுத்தவர்களே.

யுனெஸ்கோ நிறுவனம் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டு, பின்னர் திருத்தியமைத்த பொது நூலக அறிக்கை இக்கருத்தினையே உலகிற்கு எடுத்துரைக்கின்றது. வயது, இனம், மொழி, சமயம், சமூக நிலை ஆகியவற்றால் வேறுபாடு காட்டாது நூலகம் யாவர்க்கும் தொண்டாற்றுதல் வேண்டும். சிறுபான்மை மொழியினர்க்கு அவர்களுக்கேற்ற நூல்களை வழங்குதல் வேண்டும் என்று அது வலியுறுத்துகின்றது. எனவே, காலில் வேலைக் காலணியோடு சென்றாலும் தயங்காமல் நுழையத்தக்க இடம் பொது நூலகம்.

அறிவிப்பில் வரும் சொற்கள்

அறிவிப்புகள் பெரும்பாலும் மலாய் மொழியிலேயே இருக்கும். தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திக்கொண்ட முதியோர் சிலர் இதனைக் கண்டு பின்வாங்குவதுண்டு. பின்வரும் சொற்களை அறிந்துகொண்டால் அறிவிப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

தாரிக் – தேதி. மாசா – நேரம். தெம்பாட் – இடம். பெண்டாப்தாரான் – பதிவு செய்தல். பெர்ச்சுமா – இலவசம். பெங்கெல் – செய்முறைப் பயிற்சி. பமேரான் – கண்காட்சி. பெர்தண்டிங்கான் – போட்டி. பின்ஜாமான் – இரவல். பெர்புஸ்தக்காஆன் பெர்கெராக் – நடமாடும் நூலகம்.

இவற்றுள் 'பெண்டாப்தாரான்' என்னும் சொல்லைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பயிற்சிகளுக்கும் போட்டிகளுக்கும் இடங்கள் வரையறைக்கு உட்பட்டவை. பதிவு செய்வதற்குரிய கடைசி நாள், நிகழ்ச்சி நாளுக்கு முன்னரே முடிந்துவிடலாம். நிகழ்ச்சி நாளை மட்டும் குறித்துக்கொண்டு சென்று, பிள்ளையுடன் ஏமாற்றமுற்றுத் திரும்புதல் கூடாது. ஐயம் எழுந்தால் முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலரைக் கேட்கலாம். வழிகாட்டுவது அவர்தம் பணியாகும். கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.

நமக்கேற்ற காலம் எது?

விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்வோர்க்குக் காலை நிகழ்ச்சிகள் ஒத்துவரா. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய பின்னரே ஓய்வு கிடைக்கின்றது. ஆகவே, பிற்பகல் நிகழ்ச்சிகளையும் வார இறுதி நிகழ்ச்சிகளையும் முதலில் தேடிப் பார்த்தல் நன்று. வார விடுமுறை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை நாட்களாகும். நூலகம் மூடப்படும் நாளையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் பால் குறையும், வேலையும் குறையும். கையில் காசு சுருங்கும் அக்காலத்தில் செலவின்றிக் கிடைக்கும் நன்மை நூலகம். ஏப்ரல் 23ஆம் நாள் உலகப் புத்தக நாளாகும். அதனையொட்டி நூலகங்கள் வாசிப்பு நிகழ்ச்சிகளை நடத்துவது வழக்கம். 2020ஆம் ஆண்டிற்கு உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூர் தேர்ந்தெடுக்கப்பட்டதும், 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளை அரசாங்கம் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவித்திருப்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கன. பள்ளி விடுமுறைகளில் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள் மிகுதி. மழை பெய்து வேலை நின்ற நாளிலோ நூலகத்தின் படிப்பறை நமக்காகக் காத்திருக்கின்றது.

தமிழ் நூலைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிகழ்ச்சிக்குச் செல்வோர் வெறுங்கையோடு திரும்பலாகாது. பிள்ளைகள் கதை கேட்டுக் கொண்டிருக்கும் வேளையில் பெற்றோர் அடுக்குகளைப் பார்வையிடலாம். நூல்களின் முதுகில் ஒட்டப்பட்டுள்ள எண்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 1876ஆம் ஆண்டில் மெல்வில் டூயி என்னும் அமெரிக்கர் வெளியிட்ட பகுப்பு முறை அது. அறிவுத்துறைகள் யாவற்றையும் 000 முதல் 999 வரையிலான எண்களுக்குள் அடக்கி, பின்னர் புள்ளியிட்டு நுணுக்கமாகப் பிரிப்பது அதன் இயல்பு. நம் நாட்டுப் பொது நூலகங்களில் பெரும்பாலும் இம்முறையே கையாளப்படுகின்றது.

தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. உடல்நலமும் மருத்துவமும் 610இல் தொடங்கும். காய்கறி, பூந்தோட்டம் பற்றியவை 635, ஆடு, மாடு, கோழி வளர்ப்பு 636, சமையல் 641, நாட்டுப்புறக் கதைகள் 398.2. தொழிலாளர் சட்டத்தை 344ஆம் எண்ணின்கீழ்த் தேடலாம். நாம் நாளும் வெட்டும் ரப்பர் மரத்திற்கும் 633.8952 என ஓர் எண் உண்டு. நம் கைத்தொழிலைப் பற்றி ஆய்வாளர் எழுதியவற்றை அவ்வடுக்கில் காணலாம். சில நூலகங்களில் தமிழ் நூல்களைத் தனி அடுக்கில் வைத்திருப்பர். அவ்வாறாயின் தேடுவது இன்னும் எளிதாகும்.

அடுக்கு ஏன் வெறுமையாகின்றது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம்–பர்மா ரயில்பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். சென்றவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. எந்தத் தோட்டத்திலும் வயது முதிர்ந்தோரைக் கேட்டால் அக்காலத்தைப் பற்றித் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதைக் கூறுவர். அக்கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாகவும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்னும் நாவலாகவும் எழுதியுள்ளனர். இந்நாட்டில் தமிழ் நூல்கள் பெரும் எண்ணிக்கையில் அச்சிடப்படுவதில்லை. விற்றுத் தீர்ந்த நூலைக் கடையில் தேடிப் பயனில்லை. பேரன் ஒருவன் தன் பாட்டன் பட்ட துன்பத்தை அறிய விரும்பினால், அவன் நாடத்தக்க இடங்களுள் முதன்மையானது நூலகமே.

ஆனால், நூலகத்தின் அடுக்கில் இடம் அளவுக்குட்பட்டது. எந்த நூல் எத்தனை முறை இரவலாகச் சென்றது என்னும் கணக்கு அங்கே உண்டு. புதிய நூல்களை வாங்கும்போதும், பழையவற்றை அகற்றும்போதும் அக்கணக்கு கருத்திற்கொள்ளப்படுகின்றது. நிகழ்ச்சிகளுக்கு வந்தோர் தொகையும் அவ்வாறே. பல்லாண்டுகளாக ஒருவரும் தொடாத தமிழ் நூல் கிடங்கிற்குச் செல்லுமானால், அலுவலரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. வெட்டாத மரம் பால் தராது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? எடுத்துச் சென்று படித்து, தவணைக்குள் திருப்பித் தருவதே தமிழ் அடுக்கைக் காக்கும் வழி.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போய்விட்டன. தோட்டத்துப் படிப்பகங்கள் பல அவற்றோடு மறைந்தன. குடும்பங்கள் பட்டண ஓரங்களுக்குக் குடிபெயர்ந்துள்ளன. படிப்பகம் இருந்த இடத்தை இனி நிரப்ப வல்லது அருகிலுள்ள பொது நூலகமே. ஆதலின், தமிழ் அடுக்கைக் காப்பது முன்னெப்போதையும்விட இன்று இன்றியமையாததாகின்றது.

நூலகத்தைத் தோட்டத்திற்கு அழைப்போம்

போக்குவரத்து வசதி குறைந்த தோட்டங்களில் வாழ்வோர் நடமாடும் நூலகத்தைக் கோரலாம். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, ஆலயக் குழுவோ, இளைஞர் மன்றமோ மாநில நூலகத்தின் இயக்குநருக்குக் கடிதம் எழுதுதல் நன்று. கடிதத்தில் ஆறு செய்திகள் தெளிவாக இடம் பெற வேண்டும்: தோட்டத்தின் பெயரும் வழியும், குடும்பங்களின் தொகை, பிள்ளைகளின் வயது, வண்டி நிற்பதற்குரிய நிழலான இடம், மக்கள் வீட்டிலிருக்கும் நாளும் நேரமும், தொடர்புக்குரியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். தமிழ் நூல்கள் தேவை என்பதையும் மறவாது குறிப்பிடல் வேண்டும். கடிதத்தை மலாயில் எழுதித் தருமாறு பள்ளி ஆசிரியரையோ, படித்த இளைஞரையோ கேட்கலாம். தனியார் தோட்டமாயின் நிர்வாகத்தின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். உடனே இசைவு கிடைக்காவிடின் சோர்வுறாது மீண்டும் எழுதுதல் வேண்டும். வண்டி வரும் நாளில் அதனருகே மக்கள் கூடுவார்களானால், அதுவே அடுத்த வருகைக்கு உறுதியாகும்.

இம்மாதப் பயிற்சி

1. உங்கள் தோட்டத்திற்கு மிக அண்மையிலுள்ள பொது நூலகம் எது? அதன் திறக்கும் நேரமும் மூடப்படும் நாளும் யாவை? கேட்டறிந்து எழுதி, கடைவாசலிலோ ஆலயத்திலோ ஒட்டுக.

2. அடையாள அட்டையுடன் சென்று உறுப்பினராவதற்குரிய விதிகளை அறிக. பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டுமா என்பதையும் கேட்க.

3. இம்மாத நிகழ்ச்சிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்க.

4. 894.811 என்னும் எண்ணைத் தேடி, தமிழ் நூல் ஒன்றை இரவல் பெறுக. படித்தறியாத முதியோர்க்கு மாலையில் அதனைப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டட்டும்.

5. நீங்கள் விரும்பும் தமிழ் நூல் அங்கு இல்லையெனில், அதன் பெயரை எழுதி அலுவலரிடம் கொடுத்து, வாங்குமாறு வேண்டுக.

இவ்வைந்தினையும் ஒரு தோட்டத்தில் பத்துக் குடும்பங்கள் செய்து முடிப்பின், அடுத்த மாத அறிவிப்புப் பலகையைத் தயாரிப்போர் அப்பத்துக் குடும்பங்களையும் மனத்திற்கொண்டே தயாரிப்பர்.