பாட்டைத் தவிர்த்த பாட்டுக்காரர்கள்

ஓர் இசையமைப்பாளரின் திறமையை நாம் எப்படி அளக்கிறோம்? விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் விவாதங்களைக் கவனித்தால் விடை தெரிந்துவிடும். எத்தனை படம், எத்தனை பாட்டு, எத்தனை ராகம் என்று பேச்சு எண்ணிக்கையிலேயே நிற்கும். அவர் என்ன செய்தார் என்று கேட்கிறோமே ஒழிய, எதைச் செய்யாமல் விட்டார் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டிய இருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். ஒருவர் மராட்டியர், மற்றவர் தமிழர். இருவர் கதையும் நமக்கு அருகிலுள்ள ஓர் இடத்தைத் தொட்டுச் செல்கிறது.

தளேகாவில் லோக்கல் ரயில் ஏறிச் சிவாஜிநகரில் இறங்கினால், சற்றுத் தொலைவில் லா காலேஜ் சாலை. அங்கே 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியை நண்பர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கு முன் அந்த வளாகம் பிரபாத் பிலிம் கம்பெனியின் படப்பிடிப்பு நிலையமாக இருந்தது. 1929-இல் கோலாப்பூரில் பிறந்த அந்தக் கம்பெனி 1933-இல் புனாவுக்கு வந்தது. கொம்பு ஊதும் பெண்ணைச் சின்னமாகக் கொண்டிருந்த அதன் இசையமைப்பாளர்களுள் முக்கியமானவர் கேசவராவ் போளே.

போளே வளர்ந்த காலத்து மராட்டி நாடகமேடை நம் பழைய நாடகமேடையைப் போன்றதே. ராஜா சாகும் தறுவாயிலும் பாடுவார். சபையோர் 'ஒன்ஸ் மோர்' என்று கூவினால் எழுந்து மறுபடியும் பாடுவார்! கதை ஓரமாய் நின்று காத்துக்கொண்டிருக்கும். 1933-இல் பம்பாயில் அரங்கேறிய 'ஆந்தள்யாஞ்சி சாளா' என்னும் நாடகம் இந்த வழக்கத்தை உடைத்தது. அதில் சில பாட்டுக்களே இருந்தன. அவையும் பாத்திரத்தின் மனநிலையை ஒட்டியவை. இசை போளேயுடையது. அவருடைய மனைவி ஜோத்ஸ்னா போளே அதில் நடித்துப் பாடினார்.

இந்த அடக்கம் 1937-இல் சாந்தாராம் இயக்கிய 'குங்கூ' படத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கிழவர் ஒருவருக்கு வஞ்சனையால் மணம் செய்து வைக்கப்பட்ட இளம்பெண், அந்த மணத்தை ஏற்க மறுத்து வீட்டுக்குள்ளேயே போராடுவது கதை. சாந்தா ஆப்தே அந்தப் பெண்ணாக நடித்தார். படத்தில் பின்னணி இசை என்பதே இல்லை. வீட்டிலும் தெருவிலும் இயல்பாக எழும் ஒலிகளே உண்டு. அவள் பாடும் பாட்டுக்கள் இருக்கின்றன. ஆனால், அவள் அழும்போது நம்மையும் அழச் சொல்லி வயலின்கள் வருவதில்லை. இப்படி ஒரு படத்துக்கு இசையமைக்க ஒப்புக்கொள்வது எளிய செயலா? தன் கைவண்ணம் காட்ட வாய்ப்புள்ள இடமெல்லாம் காலியாகக் கிடக்க, தொடாமல் இருக்க வேண்டும். எனக்கு இதுவே அவருடைய பெரிய சாதனையாகப் படுகிறது.

முந்தின ஆண்டு வந்த 'சந்த் துகாராம்' படத்திலும் இதன் சாயல் உண்டு. அதற்காகச் சாந்தாராம் ஆட்வலே என்னும் கவிஞர் ஓர் அபங்கம் புதிதாக எழுத, போளே இசையமைத்தார். அது துகாராமின் வாக்கே என்று பலர் நம்பிவிட்டார்கள். தன் பெயர் மறையும் அளவுக்குப் பாட்டு நிலைப்பது கலைஞனுக்கு லாபமா, நஷ்டமா? நண்பர்கள் யோசிக்கட்டும்.

பிரபாத் தமிழிலும் படம் எடுத்தது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1934-இல் வந்த 'சீதா கல்யாணம்' அது. பாபநாசம் சிவன் திரைப்படத்துக்கு வந்தது அதன் மூலமே. மயிலாப்பூர் சுந்தரமய்யர் குடும்பமே அதில் நடித்தது: மகன் ராஜம் இராமன், மகள் ஜெயலட்சுமி சீதை. இராவணன் சபையில் கஞ்சிரா வாசித்த ஏழு வயதுச் சிறுவன் இன்னொரு மகன் பாலசந்தர். பிற்காலத்தில் வீணை எஸ். பாலசந்தர் என்று உலகம் அறிந்தவர் அவரே.

இருபது ஆண்டுகள் கழித்து, 1954-இல், அவர் ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். வானொலி எஞ்சினியர் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில், ஒரு சங்கீத வித்துவான் எடுத்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுக் கூட இல்லை! பின்னணி இசை மட்டும் உண்டு. சாட்சி சொல்பவன் நடுவில் பாடத் தொடங்கினால் அவன் சொல்லை யார் நம்புவார்கள்? பாட்டின் வலிமையை அறிந்தவனுக்கே அது எங்கே கெடுக்கும் என்பதும் தெரியும்.

இத்தனைக்கும் பாலசந்தர் அடங்கிய சுபாவம் உள்ளவர் அல்லர். குரு இல்லாமல் தாமாகவே வீணை கற்றவர். தம் வழியே வழி என்று சாதித்தவர். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கிருதிகள் அவர் இயற்றியவைதாமா என்று 1980-களில் அவர் எழுப்பிய வாதம் இசையுலகில் பெரும் புயலாயிற்று. ஒருவருடைய சுபாவமே அவருடைய கலை என்று சொல்வோர் இங்கே திகைக்க வேண்டும். பேச்சில் இவ்வளவு வேகம் உள்ளவர் வீணையில் என்ன செய்தார்? ஒரு முறை மீட்டுவார். அந்த நாதம் அடங்குமுன் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து பல ஸ்வரங்களைக் கறந்துவிடுவார். மீட்டு குறையக் குறைய வீணை வாய்ப்பாட்டை நெருங்கும். 'அந்த நாள்' எடுத்தவரும் அதே மனிதர்தான் என்று அந்த வாசிப்பைக் கேட்டால் தெரியும். அவருடைய பிடிவாதம், கோபத்தில் தெரிந்ததைவிடச் சிக்கனத்தில் அதிகம் தெரிந்தது என்பது என் கருத்து.

அவர் பாட்டுக்கு விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். 1964-இல் 'பொம்மை' படத்தை அவரே இயக்கி, இசையமைத்து, நடித்தார். ஜேசுதாஸ் என்னும் இளைஞரின் குரலைத் தமிழ்நாடு முதலில் கேட்டது அந்தப் படத்தில்தான். படம் முடிந்ததும் பாலசந்தர் திரையில் தோன்றி, அதில் உழைத்த கலைஞர்களை ஒவ்வொருவராக நமக்கு அறிமுகப்படுத்துகிறார். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் முதலியோர் நம் முன் வந்து நின்று போகிறார்கள். பார்க்காதவர்கள் ஒரு முறை பார்க்கலாம். கடைசி வரை எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.