பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. போடலாமா?



2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய கணினி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. கருவாடு, கடல்பாசி விற்ற கணக்கும் குழுக் கடன் கணக்கும் இன்று அதில்தான் ஏற்றுகிறோம். “ஆன் பண்ணிட்டு உலை வச்சு இறக்கிடலாம் போல” என்று அலுத்தும் கொள்கிறோம். புதுசு வாங்கக் கடன் கேட்கும் முன் இதைப் படிப்போம்.

ஏன் மெதுவாகிறது?

பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும்; ஊசி போன்ற ஒன்று நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. செல்போன் மெமரி கார்டு மாதிரி சில்லில் பதிவாகிறது. அதனால் கணினி சீக்கிரம் திறக்கும், பஸ் குலுக்கலையும் தாங்கும்.

வாங்கும் முன் பார்ப்போம்

1. முதலில் கணினியைத் திறந்து பார்க்கச் சொல்வோம். உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்து மதர்போர்டு கெட்டிருந்தால், எஸ்.எஸ்.டி. போட்டும் காசு வீண்.
2. பழைய மடிக்கணினிக்குப் பெரும்பாலும் இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகைதான் பொருந்தும். மெல்லிய பட்டை போன்ற ‘எம்.2’ வகைக்குப் பலவற்றில் இடமே இருக்காது. மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போவோம்.
3. கணக்குக்கும் போட்டோவுக்கும் 240 அல்லது 256 ஜி.பி. தாராளம்.
4. ராம் 2 ஜி.பி.தான் என்றால் அதையும் கூட்ட முடியுமா என்று கேட்போம்.
5. மூன்று கடையில் விலை கேட்போம். பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. போட்டாலும் அது மாறாது. இலவசமான லினக்ஸ் போட முடியுமா என்று கடையில் கேட்கலாம்.

இதை மறக்கவே கூடாது

கடைக்குக் கொடுக்கும் முன் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுப்போம். வேலை முடிந்ததும் பழைய டிஸ்கைக் கையோடு வாங்கி வருவோம். உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் விவரம் எல்லாம் அதில் இருக்கும். அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்ததையும் தெரிந்தவர்கள் மீட்டுவிட முடியும்.

எஸ்.எஸ்.டி. சில சமயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும். கெட்டால் மீட்பதும் கடினம். ஆகவே மாதக் கூட்டம் முடிந்ததும் நகல் எடுப்போம்; கையெழுத்துப் பேரேட்டையும் விடாமல் எழுதுவோம். வேகம் கணினியில் இருக்கலாம். நம்பிக்கை நம் கணக்கில்தான் இருக்கிறது.

கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுக் கணக்கின் இன்னொரு நகல் இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தோம்?