ஞானப்பல் எடுத்தவர் இருக்கும் வீட்டுக்கு

ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், எல்லாப் பற்களுக்கும் கடைசியாக முளைக்கும். தாடையில் இடம் போதாமல் அது சாய்ந்து நின்றாலோ, பாதி ஈறுக்குள்ளேயே புதைந்திருந்தாலோ ஈறு வீங்கும், சீழ் கோக்கும், முன்னால் உள்ள நல்ல பல்லும் சொத்தையாகும். எடுக்கும் வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அடுத்த ஒரு வாரம் வீட்டார் கையில்தான் இருக்கிறது.

1. தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டனில் 2000-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயைக் காட்டி, 'ஏன் எடுக்க வேண்டும்?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். செலவுக்கு அஞ்சுபவர்களுக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

2. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, எலும்புத் தேய்மானம் என எதற்கு மருந்து எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது.

3. ஈறில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுவதானால் சாப்பிட்டுவிட்டே போங்கள். முழு மயக்கம் என்றால்தான் வெறும் வயிறு. துணைக்கு ஒருவர் அவசியம்.

4. வாயில் வைத்து அனுப்பும் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது.

5. எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். புதுச் சதை வளர்வதும் அதன் மேல்தான். அது பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காது வரை தெறிக்கும் வலி வரும். 'ட்ரை சாக்கெட்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே முதல் நாள் எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. இளநீரானாலும் ஜூஸானாலும் ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். எண்ணெய்க் கொப்பளிப்புப் பழக்கம் உள்ளவர்கள் சில நாள் நிறுத்தி வையுங்கள். சிகரெட்டும் பீடியும் குறைந்தது மூன்று நாளைக்கு அறவே கூடாது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்தத் தொல்லை வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்; அவர்களுக்கு இன்னும் கவனம் தேவை.

6. மரப்பு நீங்கச் சில மணி நேரமாகும். அதுவரை உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொண்டாலும் தெரியாது. சூடான காபி பட்டாலும் தெரியாது. மரப்பு முழுவதும் விடும் முன்பே மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது. வலி ஏறிய பிறகு அடக்குவது கடினம்.

7. முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 15 நிமிடம் வைப்பதும் எடுப்பதுமாக இருங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுத்தால் குறையும்.

8. சாப்பாட்டில் வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தயிர் சாதத்தைத் தாளிக்காதீர்கள். ஒரு கடுகு போதும், குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ள. சாதத்தைக் குழையவிட்டு, நன்றாக மசித்து, ஆறவைத்துக் கொடுங்கள். ராகிக் கூழ், பாலில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு, வாழைப்பழம் எல்லாம் நல்லவை. காரம், முறுக்கு, எள்ளுப்பொடி ஒரு வாரத்துக்கு வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதியிருந்தால் மது கூடவே கூடாது.

9. 24 மணி நேரம் கழிந்ததும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாயில் மெல்ல அலசுங்கள். தலையைச் சாய்த்துத் தானாக வழியவிட வேண்டும். மற்றப் பற்களை வழக்கம்போலத் துலக்கலாம்.

10. கிராம்பு, மஞ்சள், வலி மாத்திரைப் பொடி எதையும் புண்ணில் அடைக்காதீர்கள். ஆஸ்பிரினை ஈறில் வைத்தால் சதை வெந்துவிடும்.

11. பல் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று பெரியவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் தவிப்பதுதான் உண்மையான ஆபத்து.

12. எச்சிலில் முதல் நாள் லேசாகச் சிவப்பு தெரிவது இயல்பு. பஞ்சை மீண்டும் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சலோ சீழோ வந்தால், உதடு மறுநாளும் மரத்தே இருந்தால் மருத்துவரை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

13. கரையாத தையல் என்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். வலி இல்லையென்று போகாமல் இருந்துவிடாதீர்கள். வாய் சரியாகத் திறக்காவிட்டால் என்ன பயிற்சி செய்வது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளலாம்.