கைக்கேற்ற குமிழ்

பட்டறையில் பயின்ற மாணவர் எவரும் ‘ஜிக்’ என்னும் சட்டத்தை அறிவர். வேலைப்பொருளைப் பிடித்துக்கொண்டு கருவிக்கு வழிகாட்டுவது அது. ஆனால் அதை இறுக்கும் சிறு நட்டைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை. காது வைத்த நட்டு விரலை வலிக்கச் செய்கிறது. ‘போதும்’ என்று பாதியில் விட்டுவிடுகிறோம். சுழலும் வாளின் அருகே சட்டம் நகர்ந்தால் கெடுவது மரம் மட்டுமன்று, விரலும் போகும். ஆதலால் மரக்குமிழ் செய்யும் முறையை இங்கே கூறுகிறேன்.

விரலின் விசை ஒன்றே ஆயினும், ஆரம் இரட்டித்தால் திருப்புத்திறனும் இரட்டிக்கும். எனவே 8 மி.மீ. போல்ட்டுக்கு நான் 50 மி.மீ. விட்டமுள்ள குமிழையே விரும்புகிறேன்.

18 மி.மீ. ஒட்டுப்பலகையில் அவ்வளவில் வட்டம் வரைக. காம்பஸை விரிவு மாற்றாமல் வட்டத்தின்மேல் வைத்துச் சென்றால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். பலகை முழுதாக இருக்கும்போதே அப்புள்ளிகளில் 12 மி.மீ. துளைகள் இடுக. பிறகு வட்டத்தை அறுத்தால், ஒவ்வொரு துளையிலும் பாதி நின்று விரல் பதியும் பள்ளமாகும். தனி மரமாயின் நார்க்குறுக்கே நீளும் இதழ் எளிதில் ஒடியும். ஒட்டுப்பலகையிலோ அடுக்குகள் மாறிமாறி ஓடுவதால் அவ்வச்சம் குறைவு.

நடுத்துளையில் வரிசை முக்கியம். முதலில் 13 மி.மீ. துரப்பணத்தால் 7 மி.மீ. ஆழம் குடைக; அதன்பின் அதே மையத்தில் 8.5 மி.மீ. துளையை ஊடுருவ இடுக. சிறு துளையை முன்னே இட்டால், பெரிய துரப்பணத்தின் முனைக்குப் பற்றுக்கோடு இராது. நட்டின் பக்கங்களுக்கிடையே 13 மி.மீ.; மூலைகளுக்கிடையே ஏறக்குறைய 15 மி.மீ. ஆகவே மூலைகள் மரத்தைக் கவ்வி, நட்டைச் சுழலவிடா. சுத்தியால் ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். மெல்லத் தட்டிப் பதித்து, மறுபுறம் வாஷருடன் போல்ட்டைச் செலுத்தி முடுக்கினால் நட்டு தானே உள்ளிறங்கும்.

நட்டு குமிழின் மேல்முகத்தில் இருத்தல் வேண்டும். இறுக்கும்போது போல்ட் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. மேலே இருந்தால் மரத்துள் இன்னும் அழுந்தும், கீழே இருந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். குமிழுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு வாஷர் இடுக. விளிம்புகளை அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும்.

இதற்குப் புது மரம் வேண்டுவதில்லை. கழித்த துண்டே போதுமானது. சிறிய கையுடையோர் 40 மி.மீ. விட்டமே கொள்ளலாம். நண்பர்களே, அடுத்த பட்டறை நாளில் ஒரு சட்டத்துக்கேனும் செய்து பொருத்திப் பாருங்கள்.