வருமான வரியும் சார்ந்து வாழ்வோரும்

ஒரே அளவு ஊதியம் பெறும் அலுவலர் இருவரில் ஒருவர் தனித்து வாழ்கிறார். மற்றவர் மனைவி, மக்கள், முதிய பெற்றோர், உழைக்க இயலாத தம்பி ஆகியோரைப் பேணுகிறார். இருவரும் ஒரே அளவு வரி செலுத்துவது முறையாகுமா?

ஒரு காலத்தில் இந்திய வரி முறை இவ்வினாவுக்குக் குடும்பத்தின் அளவைக் கொண்டு விடை கண்டது. 1955இல் மணமானவர்க்கு 2,000 ரூபாயும் மணமாகாதவர்க்கு 1,000 ரூபாயும் வரிவிலக்கு வரம்புகளாயின. 1958இல் மணமானவர்க்குக் குழந்தை ஒன்றாயின் 3,300 ரூபாய், ஒன்றுக்கு மேற்பட்டால் 3,600 ரூபாய் என வரம்பு வகுக்கப்பட்டது. இம்முறை பின்னர் கைவிடப்பட்டது. இன்று, உறவினர் ஒருவருக்கு இவ்வளவு என்ற பொதுக் கழிவு கிடையாது. குறிப்பிட்ட தேவைகளுக்கே கழிவு உண்டு. உறவினர் பட்டியலும் கழிவுக்குக் கழிவு மாறுகிறது.

கல்விக் கட்டணத்தில், இந்தியாவில் முழுநேரக் கல்வி பயிலும் இரு குழந்தைகளுக்குச் செலுத்தியது கழிவு பெறும். சேமநிதி, ஆயுள் காப்பீடு முதலியவற்றுடன் சேர்த்து இதன் உச்சவரம்பு 1,50,000 ரூபாய். மருத்துவக் காப்பீட்டில், பிள்ளைகள் சார்ந்து வாழ்பவராக இருத்தல் வேண்டும். பெற்றோர்க்கு அந்நிபந்தனை இல்லை. உடன்பிறந்தோர்க்கு இதில் இடமே இல்லை.

உடன்பிறந்தோரையும் உள்ளடக்குவது ஊனமுற்றோரைப் பேணுவதற்கான கழிவு. கணவன் அல்லது மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருள் ஒருவர் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுற்றிருப்பின் 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 1,25,000 ரூபாயும் கழிக்கப்படும். உண்மையில் செலவான தொகை எவ்வளவு என்பது பொருட்டன்று. ஆயினும் அவர் முழுமையாகவோ பெரும்பாலுமோ வரி செலுத்துபவரையே சார்ந்திருத்தல் வேண்டும். ஊனத்துக்கான கழிவைத் தம் பெயரில் அவரே கோரியிருத்தல் கூடாது. உரிய மருத்துவ அதிகாரியின் சான்றிதழும் வேண்டும். இந்தியாவில் வசிப்போருக்கே இச்சலுகை உரியது.

மேற்கூறிய அலுவலரின் தம்பி 50 விழுக்காடு ஊனமுற்றவர் எனக் கொள்வோம். அலுவலர் 20 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால் வரியில் 15,000 ரூபாயும், அதன் மீதான 4 விழுக்காட்டுத் தீர்வையில் 600 ரூபாயும் குறையும். சான்றிதழ் இல்லையேல் இந்த 15,600 ரூபாயை அவர் இழக்கிறார்.

குறிப்பிட்ட கொடிய நோய்களின் சிகிச்சைக்கான கழிவும் இதே உறவினரைத் தழுவுகிறது. ஆனால் இங்கே உண்மையான செலவே அடிப்படை; காப்பீட்டில் பெற்ற தொகை குறைக்கப்படும். உச்சவரம்பு 40,000 ரூபாய். நோயாளி 60 வயது நிறைந்தவரானால் 1,00,000 ரூபாய்.

இக்கழிவுகள் யாவும் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்க்கே உரியவை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், விருப்பம் தெரிவிக்காதவர் புதிய முறையில் அடங்குவர். அதில் வரி விகிதங்கள் குறைவு. ஆனால் தம்பியின் பொருட்டான கழிவு இல்லை. ஆகவே இரு முறைகளிலும் கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் நலம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள், 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாறியுள்ளன என்பதையும் மாணவரும் அலுவலரும் கருத்திற் கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவரைப் பேணுவது அன்பின் கடமை. ஆனால் அக்கடமை வரிக் கணக்கில் இடம் பெறுவதற்குச் சான்றும், உரிய காலத்தில் செய்யும் தேர்வும் இன்றியமையாதவை.