மறதிக்கு முந்தைய காலம்

பழனி மலையடிவாரத்தில் அமைந்த ஆயக்குடி, கொய்யாவிற்குப் பெயர்பெற்ற ஊர். அங்குச் சந்தைக்கு வந்த முதியவர் ஒருவர், கொடுத்த பணத்தையே மீண்டும் கொடுக்க முற்பட்டால், ‘வயதாகிவிட்டது’ என்று கூறி உடனிருப்போர் கடந்துவிடுவர். அம்மறதி அல்சைமர் நோயினால் வந்ததாயின், அதன் தொடக்கம் அன்றன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அவர் தளர்வின்றி உழைத்த நடுவயதிலேயே, மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படியத் தொடங்கியிருக்கக்கூடும். ஆகவேதான் ஆய்வாளர் பார்வை இன்று நடுவயதினர்மீது திரும்பியுள்ளது.

படிக்காதவரைச் சோதித்தல்

நினைவாற்றலை அளக்க உலகெங்கும் வழங்கிய வினாத்தாள், தேதியைக் கேட்கும். ஒரு தொடரைப் படிக்கவும் எழுதவும் சொல்லும். பள்ளி செல்லாத உழவர் இவற்றில் தவறுவது நோயாலன்று. அரியானாவின் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களில் 1990களில் ஆய்வு செய்த இந்திய, அமெரிக்க அறிஞர்கள் அவ்வினாக்களை மாற்றியமைத்தனர். ‘கண்களை மூடுக’ என்னும் வரியைப் படிக்கச் சொல்வதற்கு மாறாக, ‘என் முகத்தைப் பார்த்து, நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று கூறி ஆய்வாளர் தம் கண்களை மூடிக் காட்டினார். தேதிக்கு மாறாக, இது காலையா மாலையா என்று கேட்டனர். சிறு மாற்றமே, அஃது இல்லையேல் எழுத்தறியாமையே நோயெனக் கணக்கிடப்பட்டிருக்கும்.

மாந்தோப்பு ஊரில்

கருநாடகத்தின் கோலார் மாவட்டத்தில் மாம்பழத்திற்குப் பெயர்பெற்ற வட்டம் சீனிவாசபுரா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 2018இல் அங்கு ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கியது. மறதிநோய் இல்லாத, 45 வயதும் அதற்கு மேலும் உடைய 10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து காண்பது அதன் நோக்கம். குருதி, மரபணு, மூளைப்படம், நினைவாற்றல் ஆகியன ஆராயப்படுகின்றன. நோய் வந்தபின் ஆராய்ந்தால் என்ன என்று கேட்கலாம். நோய் முற்றும்போது உடல் எடையும் இரத்த அழுத்தமும் குறைவதுண்டு. அப்போது அளப்பது, நடுவயதில் இருந்த உயர் அழுத்தத்தை மறைத்துவிடும். மறந்தவரிடமே அவருடைய பழைய வாழ்வைக் கேட்டறிவதும் இயலாது.

லான்செட் ஆய்விதழின் குழு 2024இல் 14 இடர்க்காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடியுமாயின் மறதிநோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. அவற்றுள் பத்து, நடுவயதிற்குரியவை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் என்பன எதிர்பார்த்தவையே. பலரும் எண்ணிப்பாராதது செவித்திறன் குறைவு. காது மந்தமானவர் உரையாடலிலிருந்து ஒதுங்குகிறார். மூளைக்குச் செல்லும் தூண்டலும் குறைகிறது.

இருமொழியும் மூளையும்

கேரளத்திலிருந்து வரும் அடியார்களிடம் மலையாளத்திலேயே பேசும் கடைக்காரர்களைப் பழனி வட்டாரத்தார் நன்கறிவர். அத்தகைய இருமொழித்திறன் மூளைக்கு உதவுமா? ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதிநோயர் 648 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒருமொழியினரைவிட இருமொழியினர்க்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தி வந்திருந்தது. பள்ளிக்கே செல்லாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டமை வியப்பிற்குரியது. எனினும் அவர்கள் மருத்துவமனையை நாடி வந்தவர்கள். நோய் கண்டபின் கணக்கிடப்பட்டவர்கள். மொழிதான் காரணமா என்பதை, நோய் வருமுன்னரே தொடங்கிப் பல்லாண்டு தொடரும் ஆய்வுகளே தெளிவுறுத்த வேண்டும்.